மூன்றடித் திண்ணையும் நான்கு கோரிக்கைகளும்

எங்கள் ஊர் நெல் கிடங்கு என் தாத்தா காலத்துக் கட்டடம். வண்டியில் மூட்டை ஏற்றத் தோதாக மூன்றடி உயரத்துக்குத் திண்ணை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தாலும் நெல் நனையாது. கொள்முதல் நிலையம் வந்த பிறகு அங்கே யாரும் நெல் வைப்பதில்லை. பந்தல்காரரின் நாற்காலிகளும் இரண்டு பெருச்சாளிகளும்தான் குடியிருக்கின்றன. திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவே, வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிற ஊர் எங்களுடையது.

போன பொங்கலுக்கு வந்த சிங்கப்பூர், துபாய்ப் பிள்ளைகள் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு 14 லட்சம் ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்கள். கிடங்கைச் சரிசெய்து ஊருக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள், கோயிலுக்கு வேண்டாம், அதற்குத் தனியாகத் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கணக்கு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

பணம் வந்த ஒரு வாரத்தில் நான்கு கோரிக்கைகள் வந்துவிட்டன. முதியோருக்குப் பகல் மையம் வேண்டும் என்றார் பெரியப்பா. குரூப் 4 எழுதுகிற பிள்ளைகளுக்குப் படிப்பகம் வேண்டும் என்றார்கள் தம்பிமார். மாற்றுத்திறனாளிகளுக்குப் பிசியோதெரபி அறை வேண்டும் என்று செல்போன் கடை அண்ணன் எழுதியே கொடுத்தார். டவுன் ஓரத்தில் இருக்கிற நரிக்குறவர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாம் என்று பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் சொன்னார். ஐந்தாவதாக ஒரு குரலும் உண்டு: ‘எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துடுங்கப்பா.’ அதை அன்றைக்கே ஒதுக்கிவிட்டோம். பிரித்தால் ஒரு வீட்டுக்கு ஒரு மாத மளிகைக்கும் காணாது.

இந்த நான்கு கூட்டத்தாருக்கும் உலக அளவில் ஏற்கெனவே ஆவணங்கள் இருக்கின்றன என்று தெரிந்ததால் அவற்றைப் படிக்க உட்கார்ந்தேன். ஐநா சபைக்கும் எங்கள் நெல் கிடங்குக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்டார்கள். முதலில் எனக்கும் தெரியவில்லை. படித்ததும் ஒன்று புரிந்தது. நான்கும் ஒரே எடை கொண்டவை அல்ல.

முதியோருக்கு 1991-இல் வந்தது 18 கோட்பாடுகள் கொண்ட ஒரு பட்டியல். 2002-இல் மாட்ரிட் நகரில் ஒரு செயல்திட்டம் உருவானது. இளைஞருக்கு 1995-இல் ஒரு செயல்திட்டம். பழங்குடியினருக்கு 2007-இல் ஒரு பிரகடனம். இவை எதுவும் ஓர் அரசைச் சட்டப்படி கட்டாது. நல்ல வார்த்தைகள், அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகளுக்கு 2006-இல் நிறைவேறியது மட்டும் உடன்படிக்கை. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று அதை ஏற்று உறுதிசெய்தது. அதற்கு ஏற்ற மாதிரி 2016-இல் இங்கே சட்டமும் வந்தது. முன்பு ஏழாக இருந்த ஊனப் பட்டியல் அதில் 21 ஆனது. முதியோருக்கும் அப்படி ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று பல ஆண்டுகள் பேசிப் பேசி, 2025 ஏப்ரலில்தான் ஐநா மனித உரிமைப் பேரவை வரைவு எழுத ஒரு குழு அமைக்கத் தீர்மானித்தது. பெரியப்பாவிடம் சொன்னேன். ‘அது எழுதி முடியறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்’ என்றார்.

சரி, பெரியப்பாவின் கோரிக்கையிலிருந்தே தொடங்குகிறேன்.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். எங்கள் தெருவில் மதியம் நடந்தால் அது இன்னும் அதிகம் என்று தோன்றும். பிள்ளைகள் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று போய்விட்டார்கள். வீட்டுக்கு வீடு ஒரு கயிற்றுக் கட்டிலும் ஒரு அப்பாயியும் மிச்சம். மாட்ரிட் திட்டம், வயதானவர்கள் தாங்கள் வாழ்ந்த இடத்திலேயே, அக்கம்பக்கத்தாரோடு மூப்படைய வழி செய்ய வேண்டும் என்கிறது. முதியோர் இல்லத்தைவிடப் பகல் மையம் அந்த எண்ணத்துக்கு நெருக்கமானது. காலையில் வந்து, கஞ்சி குடித்து, பேசி, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் கணக்கு எழுதுகிறவன் கண்ணில் படுவது வேறு. கட்டடம் ஒருமுறைச் செலவு. சமைக்கிற அம்மாவின் சம்பளம், அரிசி, கேஸ், கழிவறை கழுவ ஆள் எல்லாம் மாதாமாதம். 14 லட்சத்தை வங்கியில் போட்டால் வரும் வட்டியில் சமையல் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கலாம், அரிசிக்கு வழியில்லை. பக்கத்து ஊர் ஒன்றில் இப்படித் திறந்த மையம் சில மாதங்களில் பூட்டிக்கொண்டதை நானே பார்த்தேன். திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது.

அதோடு, கிழவிகளிடம் நேரில் போய்க் கேட்டபோது பதில் வேறு மாதிரி வந்தது. ‘உக்காந்து டிவி பாக்க எடம் வேணாம்டா. பணம் எடுக்கக் கூட்டிட்டுப் போக ஆளு வேணும்.’ முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அந்தப் பணத்தை எடுக்கக் கைரேகை வைக்க வேண்டும். நாற்பது ஐம்பது வருடம் நாற்று பறித்து, நடவு நட்டு, களையெடுத்த விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? எங்கள் அத்தை ஒருத்தி கட்டைவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறாள். இயந்திரம் ‘பீப்’ என்று மறுக்கிறது. இந்த விரலுக்குப் பகல் மையம் ஒன்றும் செய்யாது. துணைக்குப் போகிற ஒரு பையனும் ஒரு ஸ்கூட்டரும் போதும்.

பணமாகக் கொடுப்பதா, ஆள் வைத்துச் செய்வதா என்ற கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. ஜெர்மனி 1995-இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது, வெளியாள் வந்து பார்த்துக்கொள்ளும் சேவையையும் எடுக்கலாம், வேண்டாம் என்றால் ஏறக்குறைய பாதித் தொகையைக் கையில் வாங்கி வீட்டாரே பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வழி வைத்தது. நிறையப் பேர் பணத்தைத்தான் எடுத்தார்கள். ஜப்பான் 2000-இல் அதே மாதிரித் திட்டம் தொடங்கியது. 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். ஆனால் பணமாகத் தருவதில்லை என்று முடிவு செய்தார்கள். காரணம் என்ன தெரியுமா? பணம் கொடுத்தால் அது குடும்பத்துக்குப் போகும், வேலை மருமகள் தலையில்தான் விழும் என்று அங்கே பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. இதைப் படித்துவிட்டு என் மனைவியைப் பார்த்தேன். அவள் என் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் ஓட்டு ஜப்பானுக்கு.

அடுத்து, மூன்றாவது கோரிக்கைக்கு வருவோம். செல்போன் கடை அண்ணனுக்குச் சின்ன வயதில் போலியோ. அரசு கொடுத்த பக்கச் சக்கர ஸ்கூட்டரில் ஊரெல்லாம் சுற்றுவார். கோரிக்கையை எழுதிக் கொடுத்தார் என்றேன் அல்லவா, ஏன் நேரில் வந்து பேசவில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டம் நடந்தது கிடங்குத் திண்ணையில். மூன்றடி. அவர் கீழே ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி பேசியது, மேலே மின்விசிறிச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. அதனால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஊரில் எத்தனை மாற்றுத்திறனாளிகள் என்று கேட்டால் ஒன்பது என்பார்கள். அட்டை வைத்திருப்பவர்கள் கணக்கு அது. சட்டப்படி பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் இருக்க வேண்டும். இந்தியா முழுக்கவும் 2011 கணக்கெடுப்பு 2.21 சதவீதம் என்றுதான் சொன்னது. உலக சுகாதார நிறுவனமோ, உலக மக்களில் 16 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க ஊனத்தோடு வாழ்கிறார்கள் என்கிறது. இவ்வளவு வித்தியாசம் எப்படி? கேள்வியில்தான் இருக்கிறது விஷயம். ‘உங்கள் வீட்டில் ஊனமுற்றவர் உண்டா?’ என்று கேட்டால் யாரும் உண்டு என்று சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் சொல்லவே மாட்டார்கள். அதனால் வாஷிங்டன் குழு என்ற பன்னாட்டுப் புள்ளியியல் குழு ஆறு கேள்விகளை வகுத்தது. கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமமா, காதுக் கருவி வைத்தும் கேட்கச் சிரமமா, நடக்க, படியேறச் சிரமமா, நினைவில் வைக்கவோ கவனம் செலுத்தவோ சிரமமா, குளிக்க, உடுத்தச் சிரமமா, சொல்வதைப் புரியவைக்கச் சிரமமா? ஊனம் என்ற சொல்லே வராது.

கல்லூரியில் படிக்கிற எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒரு நோட்டில் இந்த ஆறு கேள்விகளையும் எழுதிக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் வந்தாள். ‘ரொம்பச் சிரமம்’, ‘முடியவே முடியாது’ என்ற பதில்களை மட்டும் எண்ணினோம். ஒன்பது, நாற்பத்தொன்று ஆனது. கூடுதலாக வந்தவர்களில் பெரும்பாலோர் பெரியப்பா வயதுக்காரர்கள். முழங்கால் போனவர்கள், சர்க்கரையில் பார்வை மங்கியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள். பெரியப்பாவே நோட்டில் இருக்கிறார், படியேறுவது ‘ரொம்பச் சிரமம்’ என்று. அவருக்கு அதில் கொஞ்சம் கோபம்.

அந்த நோட்டைப் புரட்டியதும் எனக்கு முதல் கோரிக்கையும் மூன்றாவது கோரிக்கையும் தனித்தனி இல்லை என்று ஆகிவிட்டது. இரண்டு கூட்டத்தாருக்கும் முதல் தடை அந்த மூன்றடிதான்.

அப்படியானால் சாய்தளம் கட்ட வேண்டும். இதில்தான் எல்லா ஊரிலும் ஏமாற்றுவார்கள். வாசலில் இருக்கிற ஐந்தடி இடத்தில் செங்குத்தாக ஒரு சிமென்டுச் சறுக்கல் போட்டு, மஞ்சள் பெயின்டில் சக்கர நாற்காலிப் படம் வரைந்து போட்டோ எடுத்துவிடுவார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, டிவிஎஸ் எக்ஸெல் ஏறும். முறையான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓரடி உயர்ந்தால் பன்னிரண்டடி நீளம். எங்கள் மூன்றடிக்கு முப்பத்தாறடி, நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளம், இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய். கொத்தனாரிடம் சொன்னதும் சிரித்தார். ‘தேரா இழுக்கப் போறீங்க?’ என்றார். அதோடு அகலக் கதவு வைத்த ஒரு மேற்கத்தியக் கழிவறை, சுவரில் பிடித்து எழக் குழாய். இவ்வளவும் ஒருமுறைச் செலவு. மாதாமாதம் யாரிடமும் கையேந்த வேண்டாம். கணக்குப்பிள்ளைக்கு இது பிடித்த வகைச் செலவு.

பிசியோதெரபி அறை என்று அவர் கேட்டதைத் தனியாகக் கட்டத் தேவையில்லை என்பது என் எண்ணம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. வீட்டுக்கே வருகிறார்கள். கூடத்தில் ஒரு மூலையும் ஒரு கட்டிலும் திரையும் இருந்தால், வருகிற நாளில் நாலைந்து பேரை ஒரே இடத்தில் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அண்ணனிடம் சொன்னேன். ‘அறை வேண்டாம், ஏறி வர வழி இருந்தால் போதும். மிச்சத்தை நான் உள்ளே வந்து கேட்டுக்கொள்கிறேன்’ என்றார். 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினராக உட்கார வேண்டும். உட்கார நாற்காலி தயார். நாற்காலி வரை போக வழி?

இளைஞர் கோரிக்கைக்கு வந்தால் முதல் சிக்கல், யார் இளைஞர் என்பதே. ஐநா கணக்கில் 15 முதல் 24 வயது. இந்தியாவின் 2014 இளைஞர் கொள்கையில் 15 முதல் 29. எங்கள் ஊர் கிரிக்கெட் அணியில் நாற்பத்திரண்டு வரை உண்டு. படிப்பகம் கேட்டு வந்த ஆறு பேரில் ஐநா இளைஞர் ஒருவர்தான்.

குரூப் 4 படிக்க இடம் வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசப் பயிற்சி உண்டுதான், ஆனால் டவுன் பஸ் நேரம் ஒத்துவர வேண்டும். வீட்டில் ஒற்றை அறை, டிவி, தம்பி தங்கைகள். அந்த நோட்டு எடுத்துப் போன பெண்ணும் குரூப் 4 எழுதுகிறவள்தான். கோரிக்கை கொடுத்த ஆறு பேரில் அவள் இல்லை. கேட்டதற்கு, ‘ராத்திரி பத்து மணி வரைக்கும் தெறந்து வைப்போம்னு சொல்றாங்க சித்தப்பா, பத்து மணிக்கு யாரு என்னை அனுப்புவாங்க?’ என்றாள். அவளுக்கு வேண்டியது காலை ஆறிலிருந்து எட்டு. இந்த விவரம் தம்பிமாரின் மனுவில் வராது.

பிலிப்பைன்ஸில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஊர் அளவில், நம் ஊராட்சி மாதிரியான அமைப்பு ஒவ்வொன்றிலும் ஓர் இளைஞர் மன்றம். 15 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். 18 முதல் 24 வரை உள்ளவர்கள் நிற்கிறார்கள். ஊரின் பொது நிதியில் பத்தில் ஒரு பங்கு அவர்கள் கைக்குப் போகும். அதன் தலைவர் பெரியவர்கள் மன்றத்திலும் உறுப்பினர். அரசியல்வாதி வீட்டுப் பிள்ளைகளே அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்ற புகார் வந்ததும், பதவியில் இருப்பவரின் நெருங்கிய உறவினர் நிற்கக் கூடாது என்று 2016-இல் கையெழுத்தான சட்டத்தில் தடை போட்டார்கள். அந்த விதியை இங்கே கொண்டுவந்தால் எங்கள் ஊரில் நிற்க ஆளே இருக்காது, எல்லோரும் மாமன் மச்சான். ஆனால் அந்தப் பத்தில் ஒன்று எனக்குப் பிடித்தது. 1,40,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்து, மேசை, விளக்கு, வைஃபை, புத்தகம் எது வேண்டும் என்று அவர்களே தீர்மானிக்கட்டும், முடிவு செய்யும் ஐந்து பேரில் இரண்டு பெண்கள் இருக்க வேண்டும் என்று சொல்லலாம். முழுக் கட்டடத்தையும் அவர்களுக்கு எழுதிக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. நன்றாகப் படித்தவர்கள் தேர்வில் தேறி ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது கேரம் போர்டு.

நான்காவது கோரிக்கை என்னை வெட்கப்பட வைத்தது.

பழங்குடியினருக்கான ஐநா பிரகடனத்தில் 46 பிரிவுகள். 2007-இல் 144 நாடுகள் ஆதரவு, நான்கு எதிர்ப்பு. இந்தியா ஆதரித்தது. ஆனால், விடுதலையின்போது இங்கே இருந்த எல்லோரும் இந்த மண்ணின் பூர்வகுடிகளே என்பது இந்தியாவின் நிலைப்பாடு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பழைய 1957 உடன்படிக்கையை ஏற்ற நாம், அதற்குப் பதிலாக வந்த 1989 உடன்படிக்கையை இன்னும் ஏற்கவில்லை. நரிக்குறவர்கள் இதில் எங்கே வருவார்கள் என்று வாதாட நிறைய இடம் உண்டு. வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. வெகுகாலம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். 2022 டிசம்பரில்தான் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

அந்தப் பிரகடனத்தின் 19-ஆம் பிரிவு சொல்வது எளிமையானது. அவர்களைப் பாதிக்கிற சட்டமோ அரசு நடவடிக்கையோ கொண்டுவரும் முன், விவரம் சொல்லி, வற்புறுத்தல் இல்லாமல், அவர்கள் சம்மதத்தைக் கேள். நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு எங்கள் கிடங்கில் வகுப்பு என்று எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டோம். டீச்சரும் நானும் ஒரு நாள் போனோம். வேளாங்கண்ணிக்குக் கொண்டுபோக ஊசிமணி கோத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: ‘உங்க ஊரு வரைக்கும் சாயங்காலம் யாரு புள்ளைங்கள கூட்டிட்டு வர்றது? திரும்ப இருட்டுல?’ எங்கள் ஊரிலிருந்து அங்கே மூன்று கிலோமீட்டர். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டோம். சாதிச் சான்றிதழ் மனு போட்டு மாதங்கள் ஆகின்றன, மனைப் பட்டாவுக்கும் போட்டிருக்கிறோம், அலுவலகத்தில் எங்களை வெளியிலேயே நிறுத்துகிறார்கள், படித்தவர் ஒருத்தர் கூட வந்தால் உள்ளே விடுவார்கள் என்றார். அதற்கு 14 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட வேண்டாம். டீச்சருக்கு ஒரு நாள் விடுப்பும் எனக்கு ஒரு நாள் வேலையும் போனால் போதும். முதல் தடவை போய்வந்துவிட்டோம், இன்னும் இரண்டு தடவை போக வேண்டியிருக்கும். ஆகவே கட்டடக் கணக்கிலிருந்து இந்தக் கோரிக்கையை எடுத்துவிட்டேன், என் டைரியில் எழுதிவிட்டேன்.

கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். முதலில் சாய்தளமும் கழிவறையும் தரையும். பத்தில் ஒரு பங்கு இளைஞர் குழுவுக்கு, காலை ஆறு முதல் எட்டு கட்டாயம் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பகலில் கூடம் பெரியவர்களுக்கு, சமையல் கிடையாது, டீ மட்டும். மிச்சப் பணம் வங்கியில். அதன் வட்டியில் வாரம் இரண்டு நாள் ஒரு பையன் வண்டியோடு வருவான், பணம் எடுக்க, ஆஸ்பத்திரிக்குப் போக. பணமாகக் கொடுப்பதில்லை, ஆளாகத்தான். சாவி யாரிடம் என்பதில் பெரிய சண்டை வந்தது. பந்தல்காரரிடம் மட்டும் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். கடைசியில் செல்போன் கடை அண்ணனிடம் என்று முடிவானது. அவர் கடை எதிரிலேயே இருக்கிறது, காலை ஐந்தரைக்கே திறந்துவிடுவார்.

பெரியப்பா கஞ்சி இல்லாத மையத்துக்குச் சம்மதிக்கவில்லை, இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதும் தப்பில்லை. தனியாக இருக்கிற நாலைந்து பேருக்கு மதியச் சாப்பாடு நிஜமான பிரச்சினை. சத்துணவுக் கூடத்தோடு சேர்த்து ஏதாவது செய்ய முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டம் திண்ணையில் இல்லை, கீழே புங்கமரத்தடியில்.

போன வாரம் கொத்தனார் கயிறு பிடித்துப் பார்த்தார். நேராக விட்டால் முப்பத்தாறடி தார்ச்சாலையில் போய் நிற்கிறது, பஸ் ஏறிவிடும். பாதியில் மடக்கிக் கிழக்கே திருப்பினால் சரியாக வருகிறது. ஆனால் அங்கே ஒருவர் சம்பா அறுத்த வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார். நாமக்கல் லாரி வந்ததும் எடுத்துவிடுகிறேன் என்றிருக்கிறார். லாரி இன்னும் வரவில்லை.